ஏறக்குறைய

திலகேஸ்வரன் வரலாறு படிப்பிக்கிறவர்.
தர்மபுரம் சந்திக் கடையில்
ரோல்ஸ் ஆற ஆற
லூக்காவை விசாரிக்கிறார்:
"ஏரோது செத்துப் பத்து வருசத்துக்குப் பிறகெல்லோ
அந்தக் குடிசன மதிப்பு?
பூட்டன்ர ஊருக்குப் போய்ப் பதியச் சொல்லி
எந்த ரோமன் சொன்னவன்?
விதானையார், நீங்கள் சொல்லுங்கோ,
அப்பிடியும் ஒரு கணக்கெடுப்பு இருக்கோ?"

இல்லை.
இருபத்தாறு வருசம் குடும்ப அட்டை எழுதிய கை இது.
ஆள் இருக்கிற இடத்தில்தான் ஆளை எண்ணுவது.
நிறைமாதக்காரியைக் கழுதையில் ஏற்றி
யாரும் கூட்டிவருவதில்லை.
(கழுதை சுவிசேஷத்திலும் இல்லை.
அது வாழ்த்து அட்டையில் வந்தது.)

ஒரு வருசம் மட்டும் எண்ண எண்ண ஆட்கள் நகர்ந்தார்கள்.
விசுவமடுவில் ஆறு பேர் என்று எழுதிய குடும்பம்
வள்ளிபுனத்தில் ஐந்து.
இரணைப்பாலையில்
அடித்து எழுத இடம் போதவில்லை.
கச்சேரியில் ஒரு தொகை. கொழும்பில் ஒரு தொகை.
மாவும் பருப்பும் கொழும்புத் தொகைக்கு வந்தன.
வயிறுகள் கச்சேரித் தொகைக்கு இருந்தன.
அதனால் முத்திரை குத்திய தாளைக் கண்டு
நான் எழுந்து நிற்பதில்லை,
அகுஸ்து ராயனுடையது என்றாலும்.

"சூசைக்கு ரண்டு தேப்பன்.
மத்தேயுவில யாக்கோபு, லூக்காவில ஏலி."
என் அலுமாரியைத் திறந்தால்
அப்படி நாற்பது கோப்பு காட்டுவேன்.
எல்லாம் உண்மை என்று சொல்லமாட்டேன்.
சிலது பொய்.
நானே ஒப்பம் வைத்த பொய்.

இரண்டாவது தேத்தண்ணிக்கு பெத்லகேம் வந்தது.
"ரண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையள்
அவ்வளவும் வெட்டுப்பட்டது எண்டால்
வேற ஒருத்தனும் எழுதாமல் விடுவானோ?
ஏரோதின்ர கொலையளை
ஒண்டொண்டாய் எழுதி வைச்ச யூதன்
இதை மட்டும் ஏன்..."

அதோடு நிறுத்திவிட்டார்.
கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார்.
பக்கத்து மேசையில் யாரோ
உழவு இயந்திரத்துக்கு விலை பேசினார்கள்.

மாத்தளனில், தறப்பாளுக்குக் கீழ்,
அவருக்கு ஒரு பெட்டை பிறந்தது.
முகாமால் வந்த பிறகு
மரணப் பதிவுக்கு என்னிடம்தான் வந்தார்.
பிறப்புப் பதியாத பிள்ளைக்கு
இறப்புப் பதிய ஏலாது என்று
படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவன் நான்.
சட்டப்படி சரி.
அன்றைக்கும் இதே கடையில்
எனக்கும் சேர்த்து அவர்தான் காசு கொடுத்தார்.

கனநேரத்துக்குப் பிறகு சொன்னார்:
"அதுக்காக மத்தேயு எழுதினது
நடந்தது எண்டு ஆகாது."
"ஆகாது" என்றேன்.
இருவருக்கும் அதில் சண்டையில்லை.

நத்தார்ப் பூசைக்கு வாசகம் நான்.
இந்த முறையும் வாசிப்பேன்.
சிரியாவின் அந்த ஆளுநர் பெயர் வரும்போது
வருசம் பிழை என்று தெரிந்தே
குரலை உயர்த்தி வாசிப்பேன்.
ஆனால் நான் நம்புவது வேறொரு சொல்லை.
இயேசு ஊழியம் தொடங்கியபோது
ஏறக்குறைய முப்பது என்கிறார் லூக்கா.
ஏறக்குறைய!
நடமாடும் சேவையில்
எரிந்துபோன சான்றிதழ்களுக்குப் பதில்
உத்தேச வயது எழுதியவனுக்குத் தெரியும்:
"எந்த வருசம் பிறந்தவன் அம்மா?"
"குளம் உடைச்ச வருசம், தம்பி."
பொய் சொல்ல வந்தவன்
முப்பது என்று எழுதிவிட்டுப் போயிருப்பான்.
இந்த மனிசன் யாரையோ கேட்டிருக்கிறான்.
கேட்கப்பட்டவள் கொஞ்சம் யோசித்திருக்கிறாள்.

இது அத்தாட்சி இல்லை. தெரியும்.

நேற்றுப் பின்னேரம் அவரை மறித்து
என்னுடைய சொந்தக் கொப்பியைத் திறந்தேன்.
முத்திரை இல்லாத கொப்பி.
"பெயர்?"
"முப்பத்தொண்டுக்குத்தானே வைக்கிறது."
இடம்: மாத்தளன். பெண்.
வயது: ஏறக்குறைய பதினொரு நாள்
என்று எழுதிக்கொண்டிருக்க
குனிந்து பார்த்தார்.

"பதினொண்டு" என்றார்.
"ஏறக்குறைய இல்லை."

வெட்டினேன்.